சொல்லைத் தெரிந்தெழுதுதல்



திருகோணமலை நகரிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து தெற்கே சென்றால் மூதூர். மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் கட்டைபறிச்சான். வயலும் களப்பும் கடலும் ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கும் மண் அது. அந்த ஊரில் ஆங்கிலம் பயிலும் மாணவன் ஒருவன், தன் ஊரைப்பற்றி அம்மொழியில் ஒரு பக்கக் கட்டுரை எழுத முற்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாக்கியத்திலேயே அவனுக்கு இடர் நேர்கிறது. "எங்கள் ஊர் திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே உள்ளது" என்று எழுத அவன் விரும்புகிறான். துறைமுகம் என்பதற்கு ஆங்கிலச் சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டுகிறான். 'ஹார்பர்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'போர்ட்' என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. இரண்டுக்கும் நேரே துறைமுகம் என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. எதை எழுதுவது?

"எதை எழுதினால்தான் என்ன? இரண்டும் ஒன்றுதானே" என்று பலர் சொல்லக்கூடும். இரண்டும் ஒன்றல்ல என்பதையும், அவ்வாறு எண்ணுவதனால் சில வேளைகளில் மதிப்பெண்ணினும் பெரிய இழப்பு நேரக்கூடும் என்பதையும் எடுத்துக் காட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் அம்மாணவனின் ஐயத்தைத் தீர்ப்போம். 'ஹார்பர்' என்பது காற்றும் அலையும் தாக்காத வண்ணம் கப்பல்கள் ஒதுங்கி நிற்கும் நீர்ப்பரப்பு. அது இயற்கையாகவும் அமையலாம். கல்லணை கட்டியும் அமைக்கலாம். 'போர்ட்' என்பதோ சரக்கை ஏற்றி இறக்கும் இடம். சுங்கம் செலுத்தும் இடம். பயணிகள் வந்துபோகும் இடம். முன்னைய சொல் கப்பலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பை நோக்குகிறது. பின்னைய சொல் வாணிகத்தை நோக்குகிறது. இந்த வேற்றுமையை விளக்க நம் நாட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. திருகோணமலை இயற்கை வகுத்த 'ஹார்பர்'. அதன் ஆழமும் அடக்கமும் உலகப் புகழ் பெற்றவை. கொழும்புக்கு அத்தகைய பேறு இல்லை. அங்கே 1875 ஆம் ஆண்டிலே அடிக்கல் நாட்டி, அலைதடுப்பு அணைகளைக் கட்டியே கப்பல்களுக்கு ஒதுக்கிடம் தேட வேண்டியிருந்தது. ஆயினும் நாட்டின் வாணிகமெல்லாம் கொழும்பையே நாடிச் சென்றது. ஆகவே, திருகோணமலை பெரிய 'ஹார்பர்' என்றும், கொழும்பு பெரிய 'போர்ட்' என்றும் சொன்னால் ஆங்கிலம் அறிந்தவர் தலையசைப்பர். சொற்களை மாற்றிப் போட்டால், நாம் சொல்லவந்தது வேறொன்றோ என்று திகைப்பர்.

இத்தகைய நுண்மை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. ஒரு பொருளுக்குப் பல பெயர்களைத் திரட்டித் தரும் நூல்களை நம்மவர் நிகண்டு என்றனர். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த காலம் ஒன்றிருந்தது. ஆங்கிலத்தில் பீட்டர் மார்க் றொஜே என்னும் மருத்துவர் 1852 ஆம் ஆண்டில் வெளியிட்ட சொற்களஞ்சியம் ஏறத்தாழ அத்தகையது. கருத்துக்களை வகைப்படுத்தி, ஒவ்வொரு கருத்தின் கீழும் ஒத்த சொற்களைக் குவித்து வைத்தார் அவர். இவ்வகை நூல்கள் மறந்த சொல்லை நினைவூட்டும். ஒன்றுக்கு ஒன்று உள்ள வேற்றுமையைப் பெரும்பாலும் சொல்லமாட்டா. களஞ்சியத்திலே நெல் கிடக்கும். எது விதைநெல், எது சோற்றுக்குரிய நெல் என்பதைக் கமக்காரனே அறிய வேண்டும்.

தமிழில் அந்த அறிவு நமக்கு இயல்பாகவே அமைந்து கிடக்கிறது. அரும்பு என்போம், முகை என்போம், மலர் என்போம், செம்மல் என்போம். எல்லாம் பூதான், ஆயினும் பருவம் வேறு. பூவைக் கொய்கிறோம், காயைப் பறிக்கிறோம், நெல்லை அறுக்கிறோம். நெல்லைக் கொய்தான் என்று ஒருவன் சொன்னால் அவன் வயலைக் கண்டறியாதவன் என்று நாம் தெளிந்துவிடுவோம். இலக்கணம் படித்தா இதை அறிந்தோம்? இல்லை. சொல் வழங்கும் இடத்தைக் கண்டும் கேட்டும் அறிந்தோம். ஆங்கிலம் நமக்குப் பிறந்தவீட்டு மொழி அன்று. ஆதலால் அங்கே இந்த வேற்றுமையை வேண்டுமென்றே தேடிக் கற்க வேண்டியிருக்கிறது.

இன்னோர் எடுத்துக்காட்டையும் சொல்லவேண்டும். ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலே எடுத்து ஆராய்கிறார். மூன்றும் ஒன்றைத் தருமாறு கேட்கும் சொற்களே. ஆனால் தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது ஈ என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் தா என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கொடு என்பான். கேட்கப்படும் பொருள் ஒன்றே. கேட்பவன் எங்கே நின்று கேட்கிறான் என்பதனால் சொல் வேறுபடுகிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பேச்சின் முடிவில் மீண்டும் இதனிடம் வருவோம்.

இனி, ஆங்கிலத்தில் ஒத்த சொற்கள் இவ்வளவு பெருகியதன் காரணத்தைச் சிறிது காண்போம். அம்மொழி பழைய ஜெர்மானிய இனத்தைச் சேர்ந்தது. 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்பு பிரெஞ்சுச் சொற்கள் அரசவை வழியாகவும் நீதிமன்றத்தின் வழியாகவும் புகுந்தன. பின்னர்ப் புலவர் வழியாகவும் சமயத்தார் வழியாகவும் இலத்தீன் சொற்கள் நேரே வந்தன. இதனால் ஒரே கருத்துக்கு மூன்று அடுக்குச் சொற்கள் அமைந்தன. 'ஆஸ்க்' என்பது வீட்டுச் சொல்; 'குவெஸ்சன்' என்பது பிரெஞ்சு வழி வந்தது; 'இன்டெரொகேட்' என்பது இலத்தீனிலிருந்து வந்தது. மூன்றும் வினவுதலையே குறிக்கும். ஆயினும் வழி கேட்பவன் செய்வது முதலாவது. ஐயப்பட்டு ஒருவரைத் துருவுவது இரண்டாவது. ஒருவரை இருத்தி வைத்துப் பதிலைக் கறக்க முயல்வது மூன்றாவது. மேலே செல்லச் செல்லச் சொல்லின் வெம்மை குறைகிறது, அதிகாரம் கூடுகிறது.

தமிழ் மாணவனுக்கு இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. நாம் விசாரித்தல் என்ற ஒரே சொல்லால் பல காரியங்களைச் செய்துகொள்கிறோம். வீட்டுக்கு வந்தவரை நலம் விசாரிக்கிறோம். பஸ் புறப்படும் நேரத்தை விசாரிக்கிறோம். பொலிஸார் களவை விசாரிக்கின்றனர். நீதிபதி வழக்கை விசாரிக்கிறார். ஆங்கிலத்தில் இந்நான்குக்கும் ஒரு சொல் போதாது. நலத்துக்கும் நேரத்துக்கும் 'என்குவயர்' பொருந்தும். களவுக்கு 'இன்வெஸ்டிகேட்' வேண்டும். வழக்குக்கு 'டிரை' அல்லது 'ஹியர்' என்பர். நோயுற்ற மாமாவின் நலத்தை 'இன்டெரொகேட்' செய்ததாகக் கடிதம் எழுதினால், அன்போடு சென்றவர் அதட்டச் சென்றவராக மாறிவிடுவார்.

கரை என்னும் சொல்லையும் பாருங்கள். மகாவலி கங்கைக்கும் கரை. கொட்டியாரக் குடாவுக்கும் கரை. ஆங்கிலத்திலே ஆற்றின் கரை 'பாங்க்'. கடலின் விளிம்பு 'ஷோர்'. அதிலே மணல் பரந்து, வள்ளம் இழுத்து வைக்கும் இடம் 'பீச்'. நாட்டின் எல்லையாகத் தேசப்படத்தில் நீண்டு செல்லும்போது அதே கரை 'கோஸ்ட்'. அவ்வாறே வாடகை என்பதும். வீட்டை 'ரென்ட்' செய்வர். ஒரு நாளுக்கு வள்ளத்தையோ வாகனத்தையோ 'ஹயர்' செய்வர். ஆண்டுக்கணக்கில் உறுதி எழுதிக் காணியை 'லீஸ்' செய்வர். கடைசிச் சொல்லுக்கு நம்மிடமும் குத்தகை என்று தனிச்சொல் உண்டு.

இவற்றிலிருந்து மூன்று வினாக்களைத் தேர்ந்துகொள்ளலாம். ஒத்த சொற்கள் இரண்டு முன்னே நிற்கும்போது முதலில், இச்சொல் பொருளின் எந்தப் பக்கத்தை நோக்குகிறது என்று கேட்க வேண்டும். அடுத்து, செய்தவர் யார் என்பது இச்சொல்லிலே தெரிகிறதா, மறைகிறதா என்று கேட்க வேண்டும். மூன்றாவதாக, இச்சொல்லை எழுதிவிட்டால் அதன்பின் எது தொடர்ந்து வரும் என்று கேட்க வேண்டும். இம்மூன்றையும் கட்டைபறிச்சானைச் சூழ்ந்த மண்ணிலே நிகழ்ந்த வரலாற்றில் வைத்துப் பார்ப்போம்.

ஆங்கில மொழியும் கொட்டியாரமும் சந்தித்த கதை பழையது. 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் புயலிலே பாய்மரத்தை இழந்து, அதனைச் செப்பனிடவும் வாணிகம் செய்யவும் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஆம் ஆண்டில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அக்கப்பலின் தலைவரையும், அவர் மகன் றொபேட் நொக்ஸையும், மாலுமிகள் பலரையும் பிடித்தனர். மூதூரை அடுத்த ஒரு புளியமரத்தடியிலே அவர்கள் பிடிக்கப்பட்டனர் என்பது வழிவழி வந்த செய்தி. தந்தையார் மறு ஆண்டிலே இறந்தார். மகன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டிலே வாழ்ந்து, 1679 ஆம் ஆண்டில் தோழர் ஒருவருடன் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 ஆம் ஆண்டில் இலண்டனிலே அவருடைய நூல் வெளிவந்தது.

அந்த 20 ஆண்டுகளில் நொக்ஸ் யார்? ஆங்கிலத்திலே நான்கு சொற்கள் முன்வந்து நிற்கின்றன. 'பிரிசனர்' என்றால் சிறையில் இருப்பவர். நொக்ஸுக்குச் சிறைக்கூடம் இல்லை. அவர் ஊர்களிலே தங்கினார், தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடனாகக் கொடுத்து வாங்கினார், வீடு கட்டினார். 'ஹொஸ்டேஜ்' என்றால் பணயமாக வைக்கப்பட்டவர். அவரை விடுவதற்கு விலையாக வேறொருவரிடம் ஏதோ ஒன்று கேட்கப்பட வேண்டும். அச்சொல்லை எழுதுமுன் அந்த விலை யாது என்று காட்ட வேண்டும். 'டிட்டெய்னி' என்றால் அதிகாரம் உடையோரால் தடுத்து வைக்கப்பட்டவர். இது இருபதாம் நூற்றாண்டுச் சட்ட நடையில் பெரிதும் வழங்குவது. 'காப்டிவ்' என்றால் பகைவர் கையிற் சிக்கி, விரும்பிய இடத்துக்குப் போக இயலாதவர். சுவர் இருக்கவேண்டும் என்பதில்லை. நொக்ஸின் நூலுக்கு நீண்ட தலைப்பு ஒன்று உண்டு. அதிலே தடுத்து வைத்தல் என்ற வினையும், சிறைப்பட்ட நிலை என்ற பெயரும் சேர்ந்தே வருகின்றன. தடுத்தது மன்னன் செயல். சிறைப்பட்டது தம் நிலை. செயலுக்கு ஒரு சொல்லும் நிலைக்கு ஒரு சொல்லும் அவருக்குத் தேவைப்பட்டன. சுவரில்லாத ஊரிலே வாழ்ந்தும் விடுதலை இல்லாதவர், தம் நிலைக்கு ஏற்ற சொல்லையே எழுதினார்.

பழங்கதையை விட்டு அண்மைக் காலத்துக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டில் மூதூர், சம்பூர்ப் பகுதிகளிலே போர் மூண்டது. மூதூரிலும் அதன் சுற்றூர்களிலும் வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் உயிர் காக்கும் பொருட்டு வீடுகளை விட்டு வெளியேறினர். மூதூர் முஸ்லிம்கள் பலர் கந்தளாய்க்குச் சென்றனர். சம்பூர்ப் பகுதித் தமிழர் பலர் வாகரை வழியாக மட்டக்களப்பு மாவட்டத்துக்குச் சென்றனர். வேறு சிலர் மன்னார்க் கடலைக் கடந்து இராமேசுவரத்தை அடைந்தனர். பின்னாளில் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை ஆகிய இடங்களிலும் கட்டைபறிச்சானிலும் சம்பூர் மக்களுக்கென முகாம்கள் அமைந்தன.

ஓர் ஊரைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவரை எண்ணிக்கொள்வோம். ஒரே நாளில் ஒரே வீட்டை விட்டு ஓடியவர்கள். அண்ணன் வாகரைக்குப் போனான். தம்பி படகேறி இராமேசுவரம் போனான். நம் பேச்சுவழக்கில் இருவரும் அகதிகள். ஆங்கிலத்திலோ இருவருக்கும் ஒரு சொல் இல்லை. தம்பி 'ரெஃப்யூஜி', அண்ணன் 'டிஸ்பிளேஸ்ட் பேர்சன்', அதாவது இடம்பெயர்ந்த ஆள். நாட்டின் எல்லையைக் கடப்பதே இருவரையும் பிரிக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கை, இனம், மதம், நாட்டுரிமை, சமூகக் குழு, அரசியற் கருத்து ஆகியவற்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படலாம் என்ற தகுந்த அச்சத்தால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரையே 'ரெஃப்யூஜி' என்கிறது. நாட்டுக்குள்ளேயே அலைந்தவர் அந்த வரையறையில் அடங்கார். அவர்களுக்காகச் சூடானைச் சேர்ந்த பிரான்சிஸ் டெங் தலைமையிலே வழிகாட்டும் நெறிகள் வகுக்கப்பட்டு, 1998 ஆம் ஆண்டில்தான் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஆணைக்குழுவின் முன் வைக்கப்பட்டன. அவை நெறிகளே, உடன்படிக்கை அல்ல. பாருங்கள், இரண்டு சொற்களின் பின்னே இரண்டு வேறு ஏடுகள் நிற்கின்றன. அண்ணன் தன் மனுவிலே 'ரெஃப்யூஜி' என்று எழுதினால், அது தவறான ஏட்டின் பக்கத்துக்குச் செல்லும்.

இந்தச் சொற்கள் எதை நோக்குகின்றன என்பதும் சிந்தனைக்கு உரியது. 1685 ஆம் ஆண்டில் பிரான்சு மன்னன் பதினான்காம் லூயி புரொட்டஸ்தாந்தரின் உரிமையை நீக்கியபோது, அந்நாட்டிலிருந்து ஓடிவந்தவர்களைக் குறிக்கவே 'ரெஃப்யூஜி' என்ற சொல் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. அதனுள்ளே புகலிடம் என்னும் சொல் இருக்கிறது. புகலிடம் அடைந்தவர் என்பதே அதன் பொருள். நம் அகதி என்னும் சொல்லோ கதி அற்றவர் என்று பொருள்படும். ஆங்கிலச் சொல் அவர் போய்ச் சேர்ந்த கரையைக் காட்டுகிறது. தமிழ்ச்சொல் அவர் இழந்த கரையைக் காட்டுகிறது. தமிழ்நாட்டிலே 2021 ஆம் ஆண்டில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், அகதிகள் முகாம் என்ற பெயரை நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என வழங்குமாறு அறிவித்ததை நேயர்கள் அறிவீர்கள். பெயர் மாறியதால் மட்டும் வாழ்வு மாறிவிடாது. ஆயினும் ஒரு சொல் ஒருவரின் தலைமீது எவ்வளவு பாரமாக இருக்கக்கூடும் என்பதற்கு அது சான்று.

இரண்டாம் வினாவுக்கு வருவோம். செய்தவர் சொல்லிலே தெரிகிறாரா? 'டிஸ்பிளேஸ்ட்' என்பது செயப்பாட்டு வினையின் வடிவம். இடத்தினின்று பெயர்க்கப்பட்டவர் என்பதே அதன் நேர்ப்பொருள். பெயர்த்தது ஒன்று உண்டு என்பதை அது மறைக்கவில்லை. அதனை நாம் இடம்பெயர்ந்தோர் என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். பெயர்தல் தன்வினை; பெயர்த்தல் பிறவினை. இடம்பெயர்ந்தோர் என்னும்போது, பறவை வலசை போவதுபோல அவர்கள் தாமே பெயர்ந்தனர் என்ற சாயல் படிகிறது. இடம்பெயர்க்கப்பட்டோர் என்பதே மூலத்துக்கு நெருங்கியது. ஓர் எழுத்தின் வேற்றுமைதான். ஆனால் போரும் சுனாமியும் அந்த ஓர் எழுத்துக்குள்ளே ஒளிந்து கிடக்கின்றன.

மூன்றாம் வினாவே மிகக் கனமானது. இச்சொல்லை எழுதிவிட்டால் அதன்பின் எது தொடரும்? முகாமில் இருப்பவர் வெளியேறும் நாளைக் குறிக்க ஆங்கிலத்திலே மூன்று சொற்கள் உள்ளன. 'ரிட்டர்ன்' என்றால் தன் வீடிருந்த இடத்துக்கே மீளுதல். 'ரீசெட்டில்' என்றால், மேற்சொன்ன வழிகாட்டும் நெறிகளின்படி, தானே விரும்பி நாட்டின் வேறொரு பகுதியிற் குடியமர்தல். 'ரீலொகேட்' என்றால் ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு மாற்றி அமைத்தல். பெரும்பாலும் மாற்றுபவர் வேறொருவர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபின்பு, வடக்குக் கிழக்குக் கடற்கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று விதித்து, மக்களை உள்ளே நகர்த்த முற்பட்டது இம்மூன்றாம் வகை.

இலங்கையிலோ இம்மூன்றையும் பெரும்பாலும் ஒரே சொல்லால் வழங்கினோம். 2007 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் அமைத்த அதிகாரசபைக்கும் 'ரீசெட்டில்மென்ட்' என்பதே பெயர். தமிழிலே மீள்குடியேற்றம் என்றோம். குடியேற்றம் என்றால் புதிய இடத்திலே சென்று குடியமர்வது என்பதைக் கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்களைக் கண்ட இந்த மாவட்டத்தார்க்குச் சொல்லவேண்டியதில்லை. தன் முற்றத்து மாமரத்தடிக்குத் திரும்புகிறவன் குடியேறுகிறானா? அவன் வீட்டுக்குப் போகிறான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று தோன்றலாம். ஆனால் சம்பூர் மக்களின் கதையைக் கேளுங்கள். அவர்களுடைய நிலம் 2007 ஆம் ஆண்டில் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. 2012 ஆம் ஆண்டிலே அதன் ஒரு பகுதி கைத்தொழிலுக்குரிய விசேட வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மக்களுக்கு மாற்றுக்காணி தருவதாகக் கூறப்பட்டது. ஆங்கிலச் சொல்லை அந்நாட்டு வழக்கப்படி எடுத்துக்கொண்டால், மாற்றுக்காணியில் இருத்துவதும் 'ரீசெட்டில்மென்ட்' தான். அதனை எவரும் பிழை என்று சொல்ல முடியாது. ஒருவர் மீள்குடியேறியவர் என்று பதிவேட்டில் எழுதப்பட்டால், இடம்பெயர்ந்தோர் பட்டியலினின்று அவர் பெயர் நீங்குவதும் இயல்பு. ஆனால் அம்மக்களுள் பலர் மாற்றுக்காணியை ஏற்காமல், கட்டைபறிச்சானிலும் பிற முகாம்களிலும் தகரக் கொட்டில்களிலே ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். அவர்கள் கேட்டது 'ரிட்டர்ன்'. 2015 ஆம் ஆண்டிலே 818 ஏக்கர் பற்றிய அந்த அறிவித்தல் நீக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த காணியும் 2016 ஆம் ஆண்டில் விடப்பட்டது. பத்து ஆண்டுகளின் பின் மக்கள் தங்கள் எல்லைகளைத் தேடிச் சென்றனர். ஆங்கிலம் அறியாதவர் பலர் அவர்களுள் இருந்தனர். ஆயினும் இரண்டு சொற்களின் வேற்றுமையை அவர்களைப்போல் அறிந்தவர் எவரும் இலர் எனலாம்.

"நாம் தமிழிலே எழுதலாமே, ஆங்கிலம் எதற்கு?" என்று நேயர் ஒருவர் கேட்கக்கூடும். எழுதலாம், எழுதவும் வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்று கூறுகிறது. ஆனால் அதே திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றும் கூறுகிறது. பிரதேச செயலகத்தில் தமிழிலே கொடுத்த மனு, மேலே செல்லும் வழியில் எங்கோ ஓரிடத்திலே ஆங்கிலமாக மாறும். தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளும் வெளிநாட்டுத் தூதரகங்களின் குறிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. நம் துன்பத்துக்கு ஏற்ற சொல்லை நாம் தேர்ந்து கொடுக்காவிட்டால், அத்துன்பத்தை அறியாத ஒருவர் தமக்கு வாய்ப்பான சொல்லைத் தேர்ந்துகொள்வார்.

ஆகையால் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியைச் சொல்ல விரும்புகிறேன். ஒத்த சொல் இரண்டைக் கண்டால், அகராதியிலே பொருளை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிர்ச்சொல் யாது என்று எழுதிப் பாருங்கள். 'பிரிசனர்' வெளியேற ஒரு கதவு திறக்கவேண்டும். 'காப்டிவ்' வெளியேற ஒரு நாட்டையே கடக்கவேண்டும். எந்தச் சொல்லோடு அது சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். வீட்டோடு 'ரென்ட்', வள்ளத்தோடு 'ஹயர்' என்பது அவ்வாறு அறிந்ததே. இறுதியிலே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்து வாக்கியத்தை உரக்கப் படியுங்கள். பொருள் சிறிதும் மாறவில்லை என்றால் எளிய சொல்லை எழுதுங்கள். மாறினால், எது உண்மையோ அதை எழுதுங்கள். பெரிய சொல் மதிப்பைத் தரும் என்று எண்ணி இலத்தீன் வழிச் சொல்லைத் தேடுவது வீண்.

இனி, முன்னே சொல்லி வைத்த ஈ, தா, கொடு என்பவற்றிடம் வருவோம். வடக்கிலும் கிழக்கிலும் தங்கள் காணிக்காக இன்றும் மனு எழுதுவோர் உள்ளனர். அத்தகைய ஒருவரின் மகள் ஆங்கிலம் படித்தவள். தந்தைக்காக மனுவை எழுத அமர்கிறாள். கேட்டலுக்கு அவள் முன்னே மூன்று சொற்கள் நிற்கின்றன. 'ரிக்வெஸ்ட்' என்றால் பணிந்து கேட்டல். கொடுப்பதும் மறுப்பதும் எதிரிலிருப்பவர் விருப்பம். 'டிமாண்ட்' என்றால் கட்டளைபோலக் கேட்டல். அதிலே சினம் தொனிக்கும். 'கிளெய்ம்' என்றால் இது எனக்கு உரியது என்று சான்று காட்டிக் கேட்டல். உறுதிப் பத்திரம் கையில் இருக்கும்போது, சொந்தக் காணியை 'ரிக்வெஸ்ட்' செய்வதாக எழுதினால், தந்தையின் நிலம் பிறர் தரும் தானமாகிவிடும். 'டிமாண்ட்' என்று எழுதினால், உரிமையைப் பாராமல் குரலை மட்டும் பார்த்து மனுவை ஒதுக்கிவைக்க இடமுண்டு.

தொல்காப்பியர் வகுத்த முறையிலே சொன்னால், முதலாவது ஈ என்பதற்கு அண்மையில் நிற்கிறது. இரண்டாவது கொடு என்பதற்கு அண்மையில் நிற்கிறது. நடுவே நிற்கும் தா என்பது ஒத்தவர் சொல். ஒரு குடியானவரும் ஓர் அதிகாரியும் சட்டத்தின் முன் ஒத்தவரே. ஆகவே அந்தப் பெண் இரண்டு சொற்களை இரண்டு இடங்களில் எழுதலாம். மனுவைப் படித்து ஆவன செய்யுமாறு அதிகாரியை 'ரிக்வெஸ்ட்' செய்யலாம், அது மரியாதை. காணியை 'கிளெய்ம்' செய்யவேண்டும், அது உரிமை.